எட்டாம் இடத்துச் செங்கல்

இரண்டு சொம்பு தண்ணீர் கேட்டு வந்தவளுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? கேன்காரன் வரவில்லை, மோட்டார் ஓடவில்லை, குழம்பு பாதியில் நிற்கிறது என்றாய். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு, கதவில் சாய்ந்துகொண்டு, “நீங்கல்லாம் சின்ன வயசுல தண்ணிக்கு என்ன பண்ணீங்கம்மா?” என்று கேட்கிறாய். தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறாய், பரீட்சை எழுதப்போகிறாயா? நான் எழுதிய கடைசிப் பரீட்சை ஐந்தாம் வகுப்பில். அதில் எத்தனை மார்க் என்று கேட்காமல் இருப்பதாக இருந்தால் சொல்கிறேன். முதலில் போய் அடுப்பை அணைத்துவிட்டு வா. குழம்பு தீய்ந்தால் அதற்கும் என் கதையைத்தான் சொல்வாய்.

அணைத்தாயா? சரி, கேள்.

இந்த ஸ்ரீரங்கம், ஃபிளாட், லிஃப்ட் எல்லாம் பிற்பாடு வந்தவை. அப்போது நாங்கள் பாலக்கரையில் இருந்தோம். எங்கள் சந்தின் அகலம் எவ்வளவு என்றால், எதிர் வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அதனால் அம்மா கேரியர் சாப்பாடு போட ஆரம்பித்தாள். பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கி ஆபீஸ்களில் வேலை பார்த்த ஆண்கள் பதினோரு பேருக்கு மத்தியானச் சாப்பாடு. அம்மா சமைப்பாள், அப்பா சைக்கிளில் இரண்டு பக்கமும் கேரியர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார், நான் தேய்ப்பேன். அந்தப் பதினோரு கேரியர்தான் எங்கள் வீட்டு அடுப்பையும் எரித்தது.

வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தது. தண்ணீர் உப்பு. அதில் குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், கோபம் வந்தால் யார் மேலாவது ஊற்றலாம். பருப்பு மட்டும் வேகாது. துவரம்பருப்பை அதில் போட்டு எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும், கொதித்த களைப்பு நமக்குத்தான். பருப்பு போட்டபடியே இருக்கும். தெருக்குழாய் இருந்ததே என்பாய். இருந்தது. அந்தக் கோடையில் அதில் காற்று வந்தது. நல்ல காற்று.

ஆகவே ஊர் முழுக்க ஊற்றுக்குப் போயிற்று. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைக்குக் கீழே, ரோட்டோரமாக, இரண்டு கருங்கல்லுக்கு நடுவிலிருந்து தண்ணீர் சுரந்து வரும். யாரோ ஒரு புண்ணியவான் அதில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி வைத்திருந்தார். காவிரித் தண்ணீர்தான் மண்ணுக்குள்ளே புகுந்து புகுந்து சுத்தமாகி அங்கே வந்து எட்டிப்பார்க்கிறது என்று சொல்வார்கள். இளநீர் மாதிரி இருக்கும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் மாதிரி இருக்கும். அந்தக் கோடையில் அதுவே பெரிய விஷயம்.

மற்ற நாட்களில் கட்டைவிரல் தடிமனுக்கு விழும் தண்ணீர் அப்போது பம்பரக் கயிறு போல இளைத்துவிட்டது. ஒரு குடம் நிறைய நான் நாலு தடவை நூறு வரைக்கும் எண்ண வேண்டும். நானூறு வரைக்கும் ஒரேயடியாக எண்ணலாமே என்று கேட்காதே. நூறுக்கு மேல் எனக்கு எண்ண வராது.

இவ்வளவு நேரம் யார் நிற்பது? அதனால் அங்கே ஆள் நிற்காது, சாமான் நிற்கும். விடியும்போதே வந்து வீட்டுக்கு ஒரு சாமானை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். செங்கல், கீறல் விட்ட பானை, கொட்டாங்குச்சி, ஒற்றைச் செருப்பு. ஒரு சாமானுக்கு ஒரு குடம். முன்னால் ஒருவர் பிடித்து முடித்ததும், அங்கே இருக்கிறவர்கள் பின்னால் இருப்பதையெல்லாம் காலால் ஒரு தள்ளு தள்ளி முன்னே நகர்த்துவார்கள். தன் முறை வருகிற நேரத்தைக் கணக்குப் பார்த்துக் குடத்தோடு வர வேண்டும். சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். சட்டத்துக்குப் பக்கத்தில் லாரிக்காரம்மா இருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் செங்கல் லாரி ஓட்டினார். வேறு யாருக்கு என்ன குறை இருந்தாலும் அவளுக்குச் செங்கல் குறைவில்லை. தினமும் ஐந்து புதுச் செங்கல் கொண்டுவந்து வரிசையாக வைப்பாள். கதவு போல உடம்பு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாடு திரும்பிப் பார்க்கிற குரல். “ஒரு வீட்டுக்கு ஒண்ணுதானேக்கா?” என்று ஒருநாள் யாரோ கேட்டுவிட்டார்கள். லாரிக்காரம்மா ஒவ்வொரு செங்கல்லாகக் காலால் தொட்டுக் காட்டினாள்.

“இது என் வீடு. இது என் மாமியா வீடு. இது நாத்தனா வீடு. இது கொழுந்தன் வீடு. இது வரப்போற மருமக வீடு. போதுமாடி?”

அவள் மகன் அப்போது என்னோடு படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மூக்கு ஒழுகுவது கூட நிற்கவில்லை.

எங்கள் வீட்டுச் சாமான் ஓர் அரைச்செங்கல். விடிகாலையில் நான்தான் கொண்டுபோய் வைப்பேன். ஆறாவதோ ஏழாவதோ இடத்தில் வைத்துவிட்டு வருவேன். திரும்பிப் போனால் அது வரிசையின் கடைசியில் இருக்கும், அல்லது சாக்கடையில் கிடக்கும். கேட்டால், “எல்லாக் கல்லும் கல்லு மாதிரிதான் இருக்கு, உன்னுதுன்னு எழுதியா இருக்கு?” என்பாள் லாரிக்காரம்மா. ஒருநாள், “அரைக் கல்லுக்கு எதுக்குடி முழுக் குடம்?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

அம்மா வந்து சண்டை போடலாம்தான். அடுப்பை யார் பார்ப்பது? ஆகவே அவள் கிணற்றுத் தண்ணீரோடு சண்டை போட்டாள். பருப்பை ராத்திரியே ஊறப்போட்டாள். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். சமையல் சோடா போட்டாள்.

கேரியர் வாங்குகிறவர்களில் கும்பகோணத்துக்காரர் ஒருவர் இருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். கண்ணாடி சார் என்போம். நாக்கு என்றால் அவருடையதுதான் நாக்கு. சோடா போட்ட அன்று அப்பாவிடம், “சாம்பார்ல சோப்பு வாசனை வரதே, கேரியரைச் சரியா அலம்பறதில்லையா?” என்று கேட்டாராம். அதற்கு அடி வாங்கியது நான். அடுத்த நாள் சோடா இல்லை. அன்று மத்தியானம் அவர் கேரியர் திரும்பி வந்தபோது மேல்மூடியில் வேகாத பருப்பை வரிசையாக அடுக்கி அனுப்பியிருந்தார். அப்படி ஒரு நேர்த்தி. ஊற்றில்கூட அத்தனை ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

அப்பா சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாராம். சனிக்கிழமைலேருந்து வேற இடமாம். அவர் போனா லாட்ஜே பின்னாடி போயிடும்.”

அம்மா மூடியிலிருந்து ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். டக்கென்று சத்தம் கேட்டது.

“வேகலதான்,” என்றாள். அந்த மூடியைக் கழுவாமல் மாடத்தில் வைத்தாள்.

அம்மா அழுதிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். பருப்பைக் கடித்துப் பார்த்து, அந்த மனுஷன் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டாளே, அதில்தான் பயந்துபோனேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு குடம் ஊற்றுத் தண்ணீர். அது என் பொறுப்பு என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

எழுதியா இருக்கு என்று கேட்டாள் அல்லவா? எழுதிவிடுவது என்று புதன்கிழமை பள்ளிக்கூடத்துச் சாக்பீஸால் செங்கல்லில் கோடு போட்டேன். யாருடைய குடமோ தளும்பிக் கோடு அழிந்துவிட்டது. வியாழக்கிழமை அடுப்புக் கரியால் போட்டேன். போய்ப் பார்த்தால் வரிசையில் பாதிச் சாமான் கரியாகத்தான் இருந்தது. எல்லார் வீட்டிலும் அடுப்பு இருக்கிறதே. வெள்ளிக்கிழமை விடிகாலையில், அம்மா குளிப்பதற்கு அரைத்து வைத்திருந்த மஞ்சள் என் கண்ணில் பட்டது. வழித்து எடுத்து அரைச்செங்கல் முழுக்கப் பூசினேன். ஒன்றுக்கு இரண்டு தடவை பூசினேன். தூரத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. குங்குமச் சிமிழைத் திறந்து நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். இப்போது பார்க்கிறேன், யார் உதைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எடுத்துப் போய் வரிசையில் எட்டாவது இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அப்படிச் சிரிக்காதே. சத்தியமாகச் சொல்கிறேன், அடையாளம் என்பதைத் தவிர என் மண்டைக்குள் வேறு எதுவும் இல்லை. பொதுவாகவே அதில் நிறைய இடம் காலியாக இருந்தது.

கேரியர்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, தலை கூட வாராமல், குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கரைக்கு மேலே ஏறும்போதே லாரிக்காரம்மா கண்ணில் பட்டாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல வரிசையில் இருப்பதையெல்லாம் காலால் எத்தி நகர்த்திக்கொண்டே வந்தாள். பானை நகர்ந்தது. கொட்டாங்குச்சி உருண்டது. என் செங்கல்லுக்கு வந்தாள். காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. அவ்வளவு பெரிய உடம்பு ஒற்றைக் காலில் நிற்பதை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு காலை மெதுவாக வேறு பக்கம் இறக்கிவிட்டு, கன்னத்தில் பட் பட்டென்று போட்டுக்கொண்டாள்.

யாரோ வழிப்போக்கர், பால்காரராக இருக்கும், செங்கல்லின் தலையில் ஒரு செவ்வரளி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“யாருடி இத இங்க வெச்சது?” என்றாள் லாரிக்காரம்மா.

“யாரும் வெக்கலக்கா. நான் விடிய நாலு மணிக்கு வந்தப்பவே இருந்துச்சு,” என்றாள் ஒருத்தி. அவள் ஒருநாளும் ஏழு மணிக்கு முன்னால் எழுந்தது கிடையாது.

“தானா வந்திருக்குக்கா,” என்றாள் இன்னொருத்தி.

பாலக்கரைக்கு அதுவரைக்கும் தானாக வந்தது கொசு மட்டும்தான். ஆனாலும் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் பாட்டுக்குப் போய் என் கல்லை எடுக்கக் குனிந்தேன்.

“தொடாதடி!” என்று நாலு குரல் ஒன்றாக வந்தது. “குளிச்சியா நீ?”

“குளிக்கலைங்க.”

“வெள்ளிக்கிழமை அதுவுமா குளிக்காம வந்து தொடப் பாக்குறா பாரு. தள்ளி நில்லு!”

தள்ளி நின்றேன். முதல் குடம் நிறைந்தது. அடுத்த குடம் போயிற்று. எனக்கு முன்னால் இருந்த ஏழும் போய்விட்டன. இனி என் முறை என்று குடத்தைத் தூக்கினேன். பின்னால் இருந்த சாமானெல்லாம் என் செங்கல்லைப் பக்குவமாகச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டன. என் கல்லை யாரும் காலால் தள்ள மாட்டார்கள். கையால் தொடவும் மாட்டார்கள். அது எட்டாவது இடத்திலேயே பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாமியாகிவிட்டால் அப்புறம் முறை கிடையாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வெயில் ஏறிவிட்டது. வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணிக்குக் கேரியர் கிளம்ப வேண்டும். மாடத்தில் அந்த மூடி இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. சாதாரண அழுகை இல்லை. ஏங்கி ஏங்கி, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிற அழுகை. வாராத தலை முகத்தில் விழுந்தது. கண் சிவந்துவிட்டது. அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குலுங்கினேன்.

“ஐயோ, பாருங்கடி! பிள்ளை ஆடுது!”

கூட்டம் பின்வாங்கியது. லாரிக்காரம்மா மட்டும் முன்னால் வந்தாள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, மாட்டைத் திரும்ப வைக்கிற அந்தக் குரலைச் சின்னதாக்கி என்னிடம் கேட்டாள்:

“யாரு ஆத்தா வந்திருக்கறது? என்ன வேணும் தாயி, சொல்லு.”

ஊற்றுக்கு வந்தவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வாள்?

“தண்ணி,” என்றேன்.

“ஆத்தா தண்ணி கேக்குறா!”

அப்போதுதான் நிறைந்த தன் குடத்தை லாரிக்காரம்மா ஒரே தூக்காகத் தூக்கிச் செங்கல் மேல் கவிழ்த்தாள். பாதி செங்கல் மேல், பாதி என் மேல். ஒரு குடம் நல்ல தண்ணீர், பருப்பை வெண்ணெயாக வேக வைக்கிற தண்ணீர், மஞ்சளைக் கரைத்துக்கொண்டு ரோட்டில் ஓடிற்று. என் வயிறு எரிந்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த ஜில்லிப்பில்தான் எனக்குப் புத்தி வந்தது. இவர்கள் யாரும் என்னிடம் பேசவில்லை. என்னிடம் வந்திருக்கிறவளிடம் பேசுகிறார்கள். வந்திருக்கிறவளுக்குத் தைரியம் அதிகம்.

“இன்னொரு குடம்,” என்றேன்.

“இன்னும் ஊத்தணுமா ஆத்தா?”

“ஊத்தாத!” என்று அலறினேன். “வீட்டுக்கு எடுத்துட்டு வா.”

“எந்த வீட்டுக்கு?”

“பருப்பு வேகாத வீட்டுக்கு.”

அங்கேதான் ஆத்தாவுக்குச் சறுக்கியது. “எங்க வீட்ல மூணு நாளா வேகல ஆத்தா!” என்றாள் ஒருத்தி. “எங்க வீட்டுக்காரர் தட்டையே தள்ளிவிட்டுட்டாரு தாயி!” என்றாள் இன்னொருத்தி. பாலக்கரை முழுக்கப் பருப்பு வேகாத வீடுதான். ஆளாளுக்குக் குடத்தை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆத்தாவை மிதித்துவிட்டு ஊற்றுக்குப் போயிருப்பார்கள்.

“கேரியர் போற வீட்டுக்கு!” என்று காலை ஓங்கி உதைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? “ரெண்டு குடம்,” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் பாய் ஒருவர் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் வீட்டு அக்காவும் குடத்தோடு அங்கே நின்றிருந்தார். முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

“ரெண்டு போதுமா புள்ள?” என்றார். “நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லு உங்க ஆத்தாவ.”

நான் கண்ணை உருட்டி அவரைப் பார்த்தேன். அவர் திரும்பிக்கொண்டு இருமினார்.

லாரிக்காரம்மா யாரையும் குறுக்கே விடவில்லை. வரிசையில் வந்த தன் மருமகள் வீட்டுக் குடத்தையும் கொழுந்தன் வீட்டுக் குடத்தையும் நிரப்பினாள். தலையில் சும்மாடு வைத்து ஒன்று, இடுப்பில் ஒன்று. “நட ஆத்தா,” என்றாள். நான் முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு குடத்தோடு லாரிக்காரம்மா. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிற்பாடு என் கல்யாணத்தில் ஊர்வலம் வைத்தார்கள், கார் வைத்தார்கள். இது மாதிரி இல்லை.

எங்கள் சந்து முனையில் திரும்பியதும் ஆள் நடமாட்டம் இல்லை. லாரிக்காரம்மா நின்றாள். இடுப்புக் குடத்தை ஒரு படியில் இறக்கி வைத்தாள்.

“கையக் காட்டு.”

காட்டினேன். ஈர முந்தானையால் என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தித் துடைத்தாள்.

“நகத்துக்குள்ள பாரு, மஞ்சள் போகவே இல்ல. புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவிடு. யாரும் பாக்கறதுக்குள்ள.”

புத்தியுள்ள பிள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் விளங்கியிருக்கும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஆத்தாவின் கையைத் துடைக்கிற பாக்கியம் இவளுக்குக் கிடைத்திருக்கிறது, சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும் என்று இன்னொரு கையையும் நீட்டினேன். அவள் அதையும் துடைத்தாள். பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபடியும் எனக்குப் பின்னால்தான் வந்தாள்.

அம்மா வாசல் கதவைத் திறந்தாள். முதலில் குடங்களைப் பார்த்தாள். அப்புறம் குடங்களுக்குக் கீழே இருக்கிறவளைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

“என்னக்கா இது?”

“உம்பொண்ணு மேல ஆத்தா வந்திருக்கா. ரெண்டு குடம் உங்க வீட்டுக்குன்னு உத்தரவு.”

“எந்த ஆத்தா?”

“அத நீ உம்பொண்ணுகிட்டதான் கேக்கணும். முதல்ல இத இறக்கும்மா, கழுத்து போகுது.”

இரண்டு பேருமாகச் சமையலறையில் குடங்களை இறக்கினார்கள். அங்கே பதினோரு கேரியரும் வாய் திறந்து வரிசையாக இருந்தன. லாரிக்காரம்மா அவற்றைப் பார்த்தாள். மாடத்தில் இருந்த மூடியையும் பார்த்துவிட்டாள்.

“இது என்னது, பருப்ப அடுக்கி வெச்சிருக்க?”

அம்மா சொன்னாள். கண்ணாடி சார் சொன்னது, வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை எல்லாம் சொன்னாள்.

“ஒரு மனுஷன் உக்காந்து பருப்ப அடுக்கிட்டு இருந்தானா? அவனுக்கு வேற வேலையே இல்லையா?”

“சர்க்கார் வேலைக்கா.”

லாரிக்காரம்மா சிரிக்கவில்லை. மூடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“உங்ககிட்டயா?” என்றாள் அம்மா.

அடுப்பில் கிணற்றுத் தண்ணீர் வீணாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

“அதுவும் சரிதான்,” என்றாள் லாரிக்காரம்மா. சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்று எங்கள் வீட்டில் பருப்பு வெந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பூவாக மலர்ந்துவிட்டது. அம்மா மத்தை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். அதற்கே குழைந்துபோய் மஞ்சளாகக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது. சாம்பார் கொதித்த வாசனையில் எதிர் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். பன்னிரண்டு மணிக்கு அப்பா மணி அடித்துக்கொண்டே கிளம்பினார். பல நாளாக அவர் மணியே அடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்குக் கேரியர்கள் திரும்பின. கண்ணாடி சாருடைய கேரியரை நான்தான் பாய்ந்து வாங்கினேன். மூடியில் ஒன்றும் இல்லை. கிண்ணத்திலும் ஒன்றும் இல்லை. வழித்திருந்தார் மனுஷன், தேய்க்கவே வேண்டியதில்லை.

“நாளைக்கு சாம்பார் கொஞ்சம் கூட வெக்கச் சொன்னார்,” என்றார் அப்பா. “ரூம்ல புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்களாம். அவங்களுக்கும் கேரியர் வேணுமாம்.”

பதின்மூன்று! நான் கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன். இந்தத் தடவை ஆத்தா யாரும் வரவில்லை, நானேதான்.

ஊற்றில் மறுநாளிலிருந்து புது ஆட்சி. செங்கல்லுக்குக் கரையோரமாக ஓர் இடம் பார்த்து, வேப்பிலை செருகி, லாரிக்காரம்மாவே தலைக்குக் குளித்துவிட்டு வந்து எடுத்து வைத்தாள். முதல் குடம் ஆத்தாவுக்கு என்று வைத்தால் தண்ணீர் வீணாகுமே என்று யாரோ கேட்டதற்கு, ஒரு சொம்பு போதும் என்று ஆத்தா கனவில் வந்து சொன்னதாகச் சொல்லிவிட்டாள். அடுத்து கேரியர் வீட்டுக்கு இரண்டு குடம். அதற்கப்புறம் வரிசை. வீட்டுக்கு ஒரு சாமான். சாமானைக் காலால் தள்ளக்கூடாது. குனிந்து கையால் நகர்த்த வேண்டும். “ஆத்தா பாத்துட்டு இருக்கா. கள்ளக் கல்லு எவளாவது வெச்சீங்க, கண்ணு போயிடும்!” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். சொன்னது யார் என்று பார்த்துக்கொள். அவளும் ஒரே ஒரு செங்கல்தான் வைத்தாள். மருமகள் வீட்டைக் கலைத்துவிட்டாள்.

பாய் வீட்டு அக்கா கும்பிடவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. “யாரா இருந்தா என்ன, எங்க வீட்டுக் கொட்டாங்குச்சி வெச்ச எடத்துல இருக்குது,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் லாரிக்காரம்மா மகனிடம், “உங்கம்மாவே என்னக் கும்பிட்டாங்க” என்று சொல்லி அவனுடைய சிலேட்டுக் குச்சியை வாங்கிக்கொண்டேன். வீட்டில், “ஆத்தா பாத்திரம் தேய்க்க மாட்டா” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“சரி, தேய்க்க வேண்டாம்,” என்றாள் அம்மா. “ஆத்தாவுக்குச் சோறும் கிடையாது. தட்டுல பூ வெக்கறேன், எலுமிச்சம்பழம் வெக்கறேன். சாப்ட்டுக்க.”

பதின்மூன்று கேரியரையும் தேய்த்தேன்.

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சந்துப் பெண்கள் எல்லோரும் ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். லாரிக்காரம்மா தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுப் படி ஏறியதை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. எப்படி, எப்படி என்று கேட்டார்கள். உன் பெண்ணுக்கு அருள் வருகிறதாமே, குறி சொல்வாளா, எங்கள் வீட்டுக்கு அனுப்புவாயா என்று ஆளுக்கொரு கேள்வி. நான் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அம்மா என்னைக் கூப்பிடுவாள், தலையில் கை வைத்து நாலு வார்த்தை பெருமையாகச் சொல்வாள், பாவாடையைச் சரிசெய்துகொண்டு வெளியே வரலாம் என்று தயாராக இருந்தேன்.

அம்மா சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் ராத்திரி சாப்பிடவில்லை. மூன்று நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பெயரை எடுத்து, போயும் போயும் அந்த ஐந்து செங்கல்காரிக்குக் கொடுத்துவிட்டாளே, இவளெல்லாம் ஒரு அம்மாவா என்று பொருமினேன். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அந்தச் சின்ன மண்டைக்கு எட்டவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் அம்மா அந்தப் பெண்களிடம் சொன்னாள்:

“எம்பொண்ணு மேல எந்த ஆத்தாவும் வரலைங்க. அவ தண்ணிக்கு அழுதா, அவ்வளவுதான். அன்னிக்கு ஆத்தா வந்தது லாரிக்காரம்மா மேல.”